சாகுபடி செய்பவர் பெயர்

ஜூன் 6, வெள்ளி

ஏழு மணி பஸ்ஸில் வடமாலபேட்டையில் இறங்கி, ஆட்டோ பிடித்துத் தோப்புக்குப் போனேன். மூன்றரை ஏக்கர், எல்லாம் தோத்தாபுரி மா. கிளைகளுக்கு முட்டுக் கொடுத்து வைக்கும் அளவுக்குக் காய்ப்பு. நான் போய் அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகியும் மோட்டாரைப் போட எனக்குத் தெரியாது. உழவு, மருந்து, காவல், அறுப்பு எல்லாம் குத்தகைக்காரன் அப்பாவுதான். பதினோரு வருஷமாகக் குத்தகைக்குச் செய்கிறான். மோட்டார் ஷெட்டை ஒட்டிய அறையில்தான் அவனும் அவன் மனைவி செங்கம்மாவும் குடியிருக்கிறார்கள். வருஷத்துக்கு நாற்பதாயிரம், இருபத்தைந்தை முன்னால் கொடுத்துவிடுவான், மீதி பதினைந்து காய் விற்ற பிறகு. ஒரு வருஷமும் தவறியதில்லை.

"காய் ஏமாத்தலண்ணா. வெலதான் கீழ கெடக்குது" என்றான். கூழ் எடுக்கும் ஃபேக்டரிகளில் போன வருஷத்துச் சரக்கே விற்காமல் கிடக்கிறதாம். அதனால் கிலோவுக்கு நாலு ரூபாய் அரசாங்கமே விவசாயியின் கணக்கில் போடப் போகிறதாம். பெயர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

பேச்சு எங்கே வரும் என்று எனக்குத் தெரியும். கவுலு கார்டு. குத்தகைக்குப் பயிர் செய்கிறவனுக்கு அரசாங்கம் தரும் அட்டை. நிலத்துக்காரன் கையெழுத்துப் போட்டால்தான் கிடைக்கும். படிவத்தை பிளாஸ்டிக் பையில் சுற்றி ஷெட்டில் வைத்திருந்தான்.

"ஒரு கையெழுத்துண்ணா. இந்த ஒரு வருசம்."

"அடுத்த வாரம் பாக்கலாம்பா" என்றேன். போன வருஷமும் இதையேதான் சொன்னேன். படிவத்தை மட்டும் வாங்கி வந்திருக்கிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

என் மனைவி துர்காவின் தம்பி நாகேந்திரன் சாப்பிட வந்திருந்தான். படிவத்தைப் பார்த்ததும் கை கழுவாமலே பேச ஆரம்பித்துவிட்டான். "கையெழுத்து மட்டும் போட்டுடாதீங்க மாமா. புத்தூர்ல ஒருத்தன் இப்டிதான் போட்டான். கவுலுக்காரன் அதக் காட்டி கோர்ட்டுக்குப் பூட்டான். நெலம் போச்சி." யார், எந்தக் கோர்ட் என்று கேட்டேன். பெயர் ஞாபகமில்லையாம்.

"பதினோரு வருசம் ஒரே ஆளு உட்காந்துக்கினு இருக்காரு. அதான் எனக்கும் பயமா இருக்குது" என்றாள் துர்கா.

படிவத்தில் தெலுங்கில் தெளிவாக அச்சடித்திருக்கிறது. இந்த அட்டை நிலத்தின் மீது எந்த உரிமையும் தராது, பதினோரு மாதம்தான் செல்லும். நானே இரண்டு முறை படித்தேன். முப்பத்தாறு வருஷம் கல்லூரி அலுவலகத்தில் இப்படிப்பட்ட காகிதங்களோடுதான் வாழ்ந்திருக்கிறேன். படித்தும் பயம் போகவில்லை. பயம்தானா? இல்லை, அவன் என்னைக் கேட்டுக்கொண்டே இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறதா?

ஜூன் 14, சனி

அரசாங்கத்தின் விவசாயிகள் சேவை மையமான ரைத்து சேவா கேந்திரத்திலிருந்து கன்னிகா போன் செய்தாள். அந்தப் பக்கத்து ஊர்களுக்குத் தோட்டக்கலை உதவியாளர் அவள். "திங்கக்கெழம லாஸ்ட் டேட் சார். கவுலு கார்டு இருந்தா அப்பாவு பேர் ஏத்துவேன். இல்லன்னா உங்க பேர்தான் ஏத்தணும். பட்டா பாஸ்புக் உங்க பேர்ல இருக்குது."

"என் பேரையே போடும்மா" என்றேன்.

"பயிர் செய்யறது அவர்தானே சார்?"

"ஆமாம்மா. வந்ததும் அவன்கிட்டயே குடுத்துடப் போறேன். யார் பேர்ல வந்தா என்ன?"

அப்பாவுவையும் கூப்பிட்டுச் சொன்னேன்.  "நீங்க சொன்னா சரிதாண்ணா" என்றான்.

ஜூன் 29, ஞாயிறு

கங்காதர நெல்லூர் பக்கம் போய்வந்தேன். அப்பாவு டிராக்டரோடு ஃபேக்டரி வரிசையில் நிற்கிறான் என்று அவன் மகள் தரணி சொன்னாள். இன்றோடு நான்கு நாள்.

அப்படி ஒரு வரிசையை நான் பார்த்ததில்லை. சாலையோரம் இரண்டு கிலோமீட்டருக்கு டிராக்டர்கள். பழம் கனிந்து டிரெய்லரின் அடியிலிருந்து சாறு ஒழுகுகிறது. ஈ. புளித்த வாடை. வண்டிகளுக்கு அடியில் துண்டை விரித்து ஆட்கள் படுத்திருக்கிறார்கள். அப்பாவுவைத் தேட அரை மணி நேரமாயிற்று. முகம் கறுத்து, தாடியோடு, ஆளே மாறியிருந்தான்.

"இன்னும் நூத்திப்பத்து வண்டி இருக்குது முன்னால" என்றான். "மேல இருக்கறதப் பொறுக்கி ரோட்டுல கொட்டிட்டேன். அழுவிப் போனத உள்ள உட மாட்டான்."

"தலைவலிக்குது" என்றும் சொன்னான். வெயிலுக்கு இருக்கும் என்று மோர் வாங்கிக் கொடுத்தேன். ஊருக்குப் போய்ப் படு, வேறு யாரையாவது நிறுத்து என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவன் என்னை பஸ் ஏற்றிவிட வெயிலில் கூடவே நடந்து வந்தான்.

ஜூலை 2, புதன்

தரணியின் போன். அழுதுகொண்டே பேசினாள். "பெரியப்பா, நைனா வரிசையிலயே விழுந்துட்டாரு. வாய் கோணிக்கிச்சி. திருப்பதிக்கு இட்டுக்கினு வந்துகினு இருக்கோம்."

ஜூலை 3, வியாழன்

பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு. விழுந்தது விடியற்காலையில், வெயிலில் தூங்குகிறான் என்று பக்கத்து வண்டிக்காரர்கள் பத்து மணி வரைக்கும் எழுப்பவில்லையாம்.

வார்டில் என்னைப் பார்த்ததும் இடது கையைத் தூக்கினான். வணக்கம் சொல்ல இரண்டு கையும் சேர வேண்டுமே. பாதியில் நின்றது.

செங்கம்மா அழவில்லை. "சரக்கு எறங்கிடுச்சாண்ணா?" என்று கேட்டாள். டிராக்டர்காரர் இறக்கிவிட்டு எடைச் சீட்டும் வாங்கி வந்திருந்தார். இந்தப் பருவத்தில் போட்டது மொத்தம் ஒன்பதாயிரத்து அறுநூறு கிலோ. ஃபேக்டரி பணம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

ஜூலை 19, சனி

அப்பாவுவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் செலவில்லை, இனிமேல்தான் செலவு. கைக்கும் காலுக்கும் வாரம் நான்கு நாள் பயிற்சி தர வேண்டும், முதல் சில மாதங்களில் விட்டால் பிறகு கை வராது என்று டாக்டர் சொன்னாராம். ஒரு தடவைக்கு முந்நூறு, ஆட்டோ தனி. செங்கம்மா கையில் இரண்டாயிரம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "உங்களுக்கு எதுக்குண்ணா செரமம்" என்றாள்.

திரும்பும்போது மனசுக்கு நிறைவாக இருந்தது. அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 11, வியாழன்

போனுக்கு மெசேஜ். ரூ. 38,400. மாங்காய்ப் பணம். என் கணக்கில்.

செப்டம்பர் 12, வெள்ளி

துர்காவிடம் சொன்னேன். "குத்தகை பாக்கி பதினஞ்சு இருக்குதே, அதப் புடிச்சிக்கினு மீதியக் குடுங்க" என்றாள். நியாயம்தான். ஆனால் நோயாளி வீட்டில் போய்ப் பாக்கியைப் பிடித்துக்கொண்டேன் என்று எப்படிச் சொல்வது? முழுதாகவே கொடுத்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

மழை. போகவில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

மகள் மோனிகா பெங்களூரில் வீடு மாறுகிறாள். மாப்பிள்ளைக்குச் சம்பளம் தள்ளிப் போயிருக்கிறது, அட்வான்ஸுக்கு இருபத்தைந்து குறைகிறதாம். "ஒரு மாசத்துல திருப்பிடறேன்பா." அனுப்பிவிட்டேன். அந்தக் கணக்கில் பணம் இருந்தது, அதிலிருந்து அனுப்பினேன், அவ்வளவுதான். ஒரு மாதத்தில் வந்துவிடும். அப்பாவுவுக்குக் கொடுக்க வேண்டியது எங்கே போகிறது?

பென்ஷன் வருகிறது, வங்கியில் வைப்பும் இருக்கிறது. இதை எழுதும்போதே தெரிகிறது, பணம் இல்லாமல் இல்லை.

அக்டோபர் 18, சனி

மத்தியானம் செங்கம்மா கூப்பிட்டாள். அப்பாவு எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். உட்கார்கிறானாம், எழுந்திருக்க ஆள் வேண்டுமாம். பிறகு கேட்டாள்.

"அண்ணா, அந்த மாங்கா பணம் வந்துச்சா? ஊர்ல எல்லாருக்கும் வந்துட்ச்சின்றாங்க."

"இன்னும் வரலம்மா" என்றேன்.

எப்படி வாயில் வந்தது? யோசிக்கவே இல்லை. அவள் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

"சரிண்ணா. வந்தா சொல்லுங்க" என்று வைத்துவிட்டாள்.

துர்கா அடுப்படியில் இருந்தாள். அவளுக்கும் கேட்டிருக்கும். என்ன ஏது என்று விசாரிக்கவில்லை. 

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மோனிகா வீடியோவில் புது வீட்டைக் காட்டினாள். நல்ல வெளிச்சமான வீடு.

அக்டோபர் 27, திங்கள்

செங்கம்மாவைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டு இன்றுதான் வந்தது என்று சொன்னால் போதும். ஒரு பொய்யை மூட இன்னொன்று. சொல்லிவிடலாம். நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன்!

நவம்பர் 10, திங்கள்

காலையில் வங்கிக்குப் போய் முழுப் பணத்தையும் எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போனேன். ஷெட் பூட்டிக் கிடந்தது. வெளியில் அடுப்பு வைத்திருந்த இடத்தில் மூன்று கல் மட்டும். மோட்டார் ரூம் சாவியைப் பக்கத்துக் கொல்லை சுந்தரம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். "பத்து நாளாச்சி நைனா. நகரியில செங்கம்மாவோட அண்ணன் வூட்டாண்ட பூட்டாங்க. தறியில நூல் சுத்தற வேலையாம் அதுக்கு. உங்களாண்ட சொல்லலியா?"

சொல்லவில்லை.

அங்கிருந்து கேந்திரத்துக்கு நடந்தேன். கன்னிகா மட்டும் இருந்தாள். உட்காரச் சொன்னாள். நகரியில் அப்பாவு இருக்கும் வீட்டு விலாசம் கேட்டேன். எழுதிக் கொடுத்துவிட்டு, பேனாவை மூடித் திறந்து மூடி, பிறகுதான் சொன்னாள்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தம்மா இங்க வந்து கேட்டாங்க. சிஸ்டம்ல பாத்து, செப்டம்பர் பதினொண்ணுலயே சார் அக்கவுண்ட்ல ஏறிடுச்சின்னு சொல்லிட்டேன்."

"எப்ப வந்தாங்க?"

"தீபாவளிக்கு முன்ன. வெள்ளிக்கெழம."

வெள்ளி. என்னைக் கூப்பிட்டது சனி.

தெரிந்துகொண்டுதான் கேட்டிருக்கிறாள். ஒரு நாள் முழுக்க வைத்திருந்து, கோபப்படாமல், என் வாயால் வரட்டும் என்று கேட்டிருக்கிறாள். நான் என்ன சொன்னேன்! என்ன சொன்னேன் நான்!

"பணம் இல்லன்னு கைப்பயிற்சிய நிறுத்திட்டாங்க சார். செப்டம்பர்லயே" என்றாள் கன்னிகா.

நவம்பர் 12, புதன்

நகரி. விசைத்தறிகள் ஓடும் தெரு. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் சத்தம்; பக்கத்தில் நின்று பேசினாலும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. ஒற்றை அறை. அப்பாவு நாற்காலியில், வலது கையை மடியில் வைத்துக்கொண்டு. அந்தக் கை மடங்கி இறுகிவிட்டது. விரல்கள் உள்ளங்கைக்குள் புதைந்திருக்கின்றன. என்னைப் பார்த்ததும் தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் எழுப்பினான், இரண்டு மூன்று முறை. எனக்குப் புரியவில்லை. செங்கம்மாவைப் பார்த்தேன். அவள் சொல்லவில்லை.

பணத்தை நீட்டினேன். "செங்கம்மா, நான் அன்னிக்குப் பொய் சொன்னேம்மா. அப்பவே வந்துடுச்சி."

"தெரியும் சார்" என்றாள்.

நின்றபடியே எண்ணினாள். அவசரமில்லாமல், நூலைப் பிரிப்பது போல ஒவ்வொரு நோட்டாக. பிறகு பதினைந்தாயிரத்தைத் தனியாகப் பிரித்து என் பக்கம் நீட்டினாள்.

"இது எதுக்கும்மா?"

"குத்தகை பாக்கி."

"வேணாம்மா. அத நான் எப்பவோ உட்டுட்டேன். எனக்கு வேணாம்."

"உட்டுட்டேன்னு நீங்க எங்களாண்ட சொல்லலியே சார். புடிங்க. அவரு தோட்டத்த உட்டு வர்றப்ப இதத்தான் கையக் காட்டிக் காட்டிச் சொன்னாரு. பதினோரு வருசமா வச்சதில்ல, இப்ப இன்னாத்துக்கு?"

நான் வாங்கவில்லை. அவள் என் சட்டைப் பையில் வைத்துவிட்டாள். அப்பாவு அதைப் பார்த்துத் தலையை அசைத்தான். சரி, சரி என்பது போல.

தரணி உள்ளேயிருந்து வந்து தகப்பனுக்கு வாய் துடைத்துவிட்டுப் போனாள். என்னைப் பார்க்கவில்லை. நர்சிங் இரண்டாம் வருஷத்தை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகிறாளாம். வாசலில் வந்துதான் தெரிந்துகொண்டேன், அதுவும் எதிர்வீட்டு ஆள் சொல்லி.

நவம்பர் 13, வியாழன்

துர்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.  "அன்னிக்கி போன்ல நீங்க சொன்னது எனக்குக் கேட்டுச்சி" என்றாள். "பொழுதுக்கும் சொல்லணும் சொல்லணும்னு இருந்தேன். சொல்லல." அவளும் அழுதாள்.

நவம்பர் 25, செவ்வாய்

திருப்பதியில் பயிற்சி தரும் இடத்தில் விசாரித்தேன். இப்போதும் கொடுக்கலாம், கால் கொஞ்சம் தேறும், கையைப் பற்றி உறுதி சொல்ல முடியாது என்கிறார்கள். ஆறு மாதத்துக்கு முன்பணம் கட்டிவிட்டேன். வேன் ஏற்பாடும் செய்தேன். தரணிக்குப் போன் செய்து சொன்னேன். "அம்மாகிட்ட கேக்கறேன்" என்று வைத்துவிட்டாள்.

நவம்பர் 30, ஞாயிறு

வேன் காலியாகத் திரும்பி வந்தது.

டிசம்பர் 7, ஞாயிறு

ஆரஞ்சும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு மறுபடியும் நகரிக்குப் போனேன். செங்கம்மா தறிக்குப் போயிருந்தாள். அப்பாவு என்னைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்று சரிந்தான். பிடித்து உட்காரவைத்தேன். என் மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கண்ணில் தண்ணீர். என்ன சொல்ல வருகிறான்? திட்டுகிறானா? தோப்பைப் பற்றிக் கேட்கிறானா? "மரமெல்லாம் நல்லா இருக்குதுப்பா" என்றேன். அதற்கு இன்னும் அழுதான்.

டிசம்பர் 9, செவ்வாய்

தரணி கூப்பிட்டாள். இந்த முறை அழவில்லை.

"நீங்க வந்துட்டுப் போனதுலேர்ந்து நைனா துன்ன மாட்டேன்றாரு. ரெண்டு நாளா வாசலையே பாத்துக்கினு கையக் காட்றாரு. பஸ் ஏத்திவுட வரணும்ன்றாரு போல. அம்மா சொல்லச் சொன்னாங்க. இனிமே வராதீங்க சார்."

"சரிம்மா" என்றேன். "பயிற்சிக்கு மட்டும்—"

"நாங்க இங்கியே சர்க்கார் ஆஸ்பத்திரியில பாத்துக்கறோம்."

ஜூலையில் என்னைப் பெரியப்பா என்று கூப்பிட்டு அழுத பெண்.

டிசம்பர் 26, வெள்ளி

மோனிகா இருபத்தைந்தாயிரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டாள். தரணியின் காலேஜில் போய் பீஸ் கட்ட முடியுமா என்று கேட்டேன். மாணவியின் சம்மதக் கையெழுத்து இல்லாமல் மறுபடி சேர்க்க மாட்டார்களாம்.

ஜனவரி 14, புதன்

போகி. நாகேந்திரன் வந்தான். தோப்பை விற்றுவிடலாம், ஆள் இருக்கிறது என்றான். "கவுலுக்காரன் போனது நல்லதாப் போச்சு மாமா, வில்லங்கம் இல்ல" என்றான். எழுந்து வெளியே போய்விட்டேன். தெருவெல்லாம் புகை.

ஜனவரி 31, சனி

தோப்பில் பூ வந்துவிட்டது. மருந்தடிக்க ஆளில்லை. நானே கூலிக்கு ஆள் பேசி நின்றேன். எந்த மருந்து, எவ்வளவு தண்ணீர் என்று அவர்கள் என்னைக் கேட்டார்கள். தெரியாது என்றேன். பாதி மரங்களில் பூ கருகத் தொடங்கியிருக்கிறது. சுந்தரம்மாதான் சொன்னாள், அப்பாவு மொட்டு விடும்போதே ஒரு தரம் அடித்துவிடுவானாம்.

பிப்ரவரி 12, வியாழன்

தோப்பை ஹரிபாபு என்பவருக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறேன். இரண்டு ஊர் தள்ளி இருப்பவர், நாற்பது வயது, மா அனுபவம் உண்டு. அவர் கார்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. நானே கேந்திரத்துக்கு அழைத்துப் போனேன். "எதுக்கு சார் நீங்களா வந்து இதெல்லாம்?" என்று வழியெல்லாம் ஆச்சரியப்பட்டார். 

கன்னிகாவை மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்திருப்பவர் தெலுங்கும் தமிழும் கலந்து பேசினார். என் பாஸ்புக், ஹரிபாபுவின் ஆதார், ஒரு படிவம். மூன்று இடத்தில் கையெழுத்து. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

"இதுக்கு முன்னாடி கவுலுக்கு இருந்தவர் யாராவது உண்டா சார்? இருந்தா அந்தப் பேர் எடுத்துட்டுதான் இவர் பேர் ஏத்தணும்."

"உண்டு" என்றேன். "அப்பாவு. பதினோரு வருஷம்."

புதியவர் கம்ப்யூட்டரில் தேடினார். சர்வே நம்பரைப் போட்டுத் தேடினார். ஒவ்வொரு வருஷமாகப் போட்டுப் பார்த்தார். ஹரிபாபு வெளியே போய் டீ சொல்லிவிட்டு வந்தார்.

"அப்பிடி யாரும் இல்லயே சார்" என்றார் கடைசியில். "சாகுபடி செய்யறவர்ன்ற எடத்துல எல்லா வருசமும் உங்க பேருதான் இருக்குது."